கடனே வாங்காதவருக்கு மைனஸ் ஒன்று

யாரிடமும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் 40 வயதைத் தொட்டவர் ஒருவர் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டு சரியாக இருக்கிறது. வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருக்கிறார். பான் எண்ணைத் தட்டிப் பார்க்கும் அதிகாரி, “சார், உங்களுக்கு சிபிலே இல்லையே” என்கிறார். திரையில் தெரிவது மைனஸ் 1.

அது தண்டனை இல்லை. சிபில் மதிப்பெண் 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. மைனஸ் 1 அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் குறியீடு. ‘இவரைப் பற்றி எங்களிடம் கடன் பதிவு எதுவும் இல்லை’ என்பதுதான் அதன் பொருள். பரீட்சையே எழுதாதவர் பெயிலானவர் ஆகிவிட மாட்டார். இதை ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, முன்கதை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது கடன் நிறுவனங்களை அறிவுறுத்தியிருக்கிறது. முதல்முறை வாங்குபவருக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதுவும் விதிக்கப்படவில்லை என்பதை மத்திய நிதியமைச்சகமும் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. ஆனாலும் அறிவுறுத்தல் வேறு, கிளையில் நடப்பது வேறு. முன்கதை இல்லாதவருக்குக் கடன் கொடுக்கலாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்வது வங்கிதான். கொடுத்தாலும், வட்டியில் கால் சதவீதமோ அரை சதவீதமோ கூட்டிக் கொடுக்க அதற்கு உரிமை இருக்கிறது.

அரை சதவீதம்தானே என்று தோன்றும். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கடனை 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், 8.5 சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். 9 சதவீதத்துக்கு சுமார் 27,000. கடன் முடியும்போது வித்தியாசம் 2 லட்சத்து 30 ஆயிரத்தை நெருங்கியிருக்கும்.

பதிவு இருந்து அது கெட்டிருந்தால், சேதம் வட்டியோடு நிற்பதும் இல்லை. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் அறிக்கையில் பழைய தவணைத் தவறுகள் இருப்பதைக் காட்டி வங்கி ரத்து செய்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் வங்கி அப்படிப் பார்ப்பதில் தவறில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில் என்று இயங்குகிறது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை நடக்கின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம்மிடம் கடன் வாங்கியவர்களின் விவரத்தை இந்த நான்குக்கும் அனுப்பியாக வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் அது, 15-ஆம் தேதி நிலவரம் ஒருமுறை, மாதக் கடைசி நிலவரம் ஒருமுறை என்று மாதத்துக்கு இரண்டு தடவையாக மாறியது.

போகிற விவரம் மிகக் குறுகியது. யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு பாக்கி, ஒவ்வொரு தவணையும் எத்தனை நாள் தாமதம், புதிதாக எங்கெல்லாம் கடன் கேட்டீர்கள் என்பதோடு முடிந்துவிடும். உங்கள் சம்பளம் அதில் இல்லை. சேமிப்பு, வைப்புத்தொகை, அஞ்சலக ஆர்.டி. எதுவும் இல்லை. 15 ஆண்டுகளாக முதல் தேதியன்று வாடகை கொடுத்ததும், ஒரு மாதமும் தவறாமல் கரண்ட் பில் கட்டியதும் இல்லை. ஏலச்சீட்டை எடுத்துவிட்டு, ஓடிப்போகாமல் கடைசித் தவணை வரை கட்டிய நேர்மைக்கும் அங்கே மதிப்பெண் கிடையாது. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் உங்களுக்கு இருக்கும் நல்ல பெயர் அந்தக் கணினிக்குத் தெரியாது. ரொக்கத்தில் வாழும் ஒரு சமூகத்தின் நாணயத்தை அளக்க இது போதாத கருவி என்பதே என் கருத்து. 2025-இல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்ப்பதா என்று தமிழக விவசாயிகள் கொதித்தெழுந்ததில் அதனால்தான் நியாயம் இருந்தது. ஆனால் வங்கிகள் கையில் வைத்திருப்பது இந்தக் கருவியைத்தான். அதற்குப் புரிகிற மொழியில் ஒரு பதிவை உண்டாக்கிக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கலாம்

‘நான் இதுவரை கடனே வாங்கியதில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால் இரண்டு மூன்று கணக்குகள் நிற்கும். எனவே முதல் வேலை அறிக்கையைப் பார்ப்பது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017-லிருந்து நடப்பில் இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்பது வதந்தி. கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கி பார்ப்பதுதான் கணக்கில் ஏறும்.

தமிழ்நாட்டில் ஏராளமானோரின் கடன் வரலாறு கல்விக்கடனில் தொடங்குகிறது. இன்ஜினியரிங் முதலாண்டில் அப்பாவோடு போய் நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டதோடு பையன் அதை மறந்துவிடுவான். கடன்காரர் அவன்தான், அப்பா கூட்டுக் கடன்காரர். இருவர் பெயரிலும் பதிவு இருக்கும். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கமான ஏற்பாடு. அந்த ஓராண்டு முடியும்போது அவன் பெங்களூரிலோ ஓசூரிலோ இருப்பான். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி, 18 வயதில் கொடுத்த பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். வேலை தேடும் நெருக்கடியில் கட்ட முடியாமல் போவது ஒரு வகை. கட்டப் பணம் இருந்தும் தவணை தொடங்கியதே தெரியாமல் ஆறு மாதம் ஓடிவிடுவது இன்னொரு வகை. அவனுடைய பதிவோடு அப்பாவுடையதும் சேர்ந்து கெடும். படிப்பு முடிந்ததும் கிளைக்கு ஒருமுறை போய் எண்ணை மாற்றி, முதல் தவணைத் தேதியைக் கேட்டுக்கொண்டு வருவது ஒரு மணி நேர வேலை. வேலை கிடைக்கவில்லை என்றால், தவணை தவறுவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேட்கலாம். தவறிய பிறகு கேட்டால் பதிவு அழியாது.

அடுத்தது நகைக்கடன். சேட்டுக் கடையில் வைத்த நகைக்கு எந்தப் பதிவும் கிடையாது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்தால் அது உங்கள் பெயரில் ஒரு கடன், அறிக்கையில் ஏறிவிடும். ‘நகைதான் அவங்ககிட்ட இருக்கே, வட்டி ரெண்டு மாசம் தள்ளிப்போனா என்ன’ என்று அசட்டையாக இருப்பவர்கள் அதிகம். கெடு தாண்டியதும் மற்றக் கடன்களைப் போலவே அதற்கும் தாமத நாட்கள் எண்ணப்படும். மாறாக, ஒழுங்காக மீட்ட நகைக்கடன் முதல் பதிவாக நன்றாகவே உதவும்.

மகளிர் குழுக்களின் வழியாக வரும் நுண்கடன் இன்னும் சிக்கலானது. வாரத் தவணையைக் குழுவாக உட்கார்ந்து கட்டினாலும், நுண்நிதி நிறுவனங்கள் கொடுக்கும் கடன் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் தனித்தனியாகத்தான் பதிவாகிறது. ‘அக்கா, உங்க பேர்ல எடுத்துக் குடுங்க, வாரா வாரம் நான் கட்டிடறேன்’ என்று தெருவில் ஒருத்தி கேட்க, இவர் எடுத்துக் கொடுத்திருப்பார். பணத்தைப் பார்த்தது அவள், பதிவு இவருக்கு. வங்கி வாசலையே மிதிக்காத பெண்களுக்கு மூன்று நான்கு கடன் கணக்குகள் இருப்பது இப்படித்தான்.

செல்போனில் ஐந்து நிமிடத்தில் 3,000 ரூபாய் தரும் செயலிகளும், ‘இப்போது வாங்கு, அடுத்த மாதம் கொடு’ வசதிகளும் கடனே. முறையான செயலி வழியாகக் கொடுத்த கடன் எவ்வளவு சிறியதானாலும், எத்தனை குறுகிய காலத்துக்கானாலும் அறிக்கையில் ஏற்ற வேண்டும் என்று 2022-இலேயே ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. முறைப்படி இயங்கும் செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாததைத் தொடாமல் இருப்பது மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, நிம்மதிக்கும் நல்லது.

முதல் பதிவை உண்டாக்குவது

உண்மையிலேயே எந்தப் பதிவும் இல்லாதவர் என்ன செய்யலாம்? மதிப்பெண்ணுக்காகத் தேவையில்லாத தனிநபர் கடன் வாங்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 14 சதவீத வட்டி கட்டி நற்சான்று வாங்குவது வீண். வட்டியே இல்லாமல் செய்யும் வழி ஒன்று இருக்கிறது.

வங்கியில் ஒரு வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு கேட்பதுதான் அது. பல வங்கிகள் இதைத் தருகின்றன. 10,000, 20,000 ரூபாய் வைப்புத்தொகைக்கே கொடுக்கும் இடங்கள் உண்டு. வைப்புத்தொகையில் 75 முதல் 90 சதவீதம் வரை செலவு வரம்பாகக் கிடைக்கும். பணம் வங்கியிடமே ஈடாக இருப்பதால் சம்பளச் சான்றுக்கு அதிகம் அலைய வேண்டாம், பழைய பதிவும் கேட்க மாட்டார்கள். வைப்புத்தொகைக்கான வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஆண்டுக் கட்டணம் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டைப் பயன்படுத்தாமல் டிராயரில் போட்டுவிட்டு, கட்டணமாக ஏறிய சில நூறு ரூபாயைக் கவனிக்காமல் விட்டு, அதனாலேயே முதல் பதிவைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கார்டு வந்ததும் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். எப்படியும் செய்யப்போகிற ஒரு செலவை, அதாவது பெட்ரோலையோ மாத மளிகையையோ செல்போன் ரீசார்ஜையோ அதில் போட்டு, பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டினால் போதும். வரம்பு 18,000 ரூபாய் என்றால் 5,000-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. வரம்பில் 30 சதவீதத்துக்குள் இருப்பவரைக் கணக்கு சாதகமாகப் பார்க்கும். எப்போதும் வரம்பைத் தொட்டுக்கொண்டே இருப்பவர் பணத்துக்குத் திண்டாடுகிறார் என்று அது எடுத்துக்கொள்ளும், அவர் மாதாமாதம் முழுதாகக் கட்டினாலும்கூட. ஒரு மாதம் செலவு கூடிவிட்டதா? பில் போடும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம்.

பில்லில் ‘மினிமம் டியூ’ என்று ஒரு சிறு தொகை அச்சாகியிருக்கும். அதை மட்டும் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவு வராது என்பது உண்மை. பலர் சிக்குவதும் அதனால்தான். மீதியுள்ள 10,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 350 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 63 ரூபாய். அதோடு, பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு 42 சதவீதம் என்பது மீட்டர் வட்டிக்காரரைத் திட்டும் நமக்குக் கசக்க வேண்டிய கணக்கு. ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதும் இதே வகை. அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி.

கெடு தேதி ஒருநாள் தவறிவிட்டால் பதற வேண்டாம். கார்டு பாக்கி மூன்று நாளைத் தாண்டிய பிறகுதான் தாமதம் என்று அறிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாண்டிவிட்டால் நாள் எண்ணிக்கை கெடு தேதியிலிருந்தே தொடங்கும். பைக் கடன், தனிநபர் கடன் தவணைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. சம்பளம் 7-ஆம் தேதி வருகிறவர் 5-ஆம் தேதித் தவணைக்கு ஒப்புக்கொள்வதால் மாதாமாதம் பவுன்ஸ் ஆவதைப் பார்க்கிறோம். கடன் வாங்கும்போதே 10-ஆம் தேதி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

பண்டிகைக் காலத்தில் கடையில் ஃபிரிட்ஜையோ போனையோ தவணையில் வாங்கினாலும் பதிவு உண்டாகும். ஆனால் ‘ஜீரோ வட்டி’ என்று தனியாக ஒன்று கிடையாது, அது வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. பிராசஸிங் கட்டணமாகவோ, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி கிடைக்காமல் போவதாகவோ அது வந்து சேரும். பொருள் தேவையானால் வாங்குங்கள், மதிப்பெண்ணுக்காக வேண்டாம்.

அப்பாவின் கார்டில் கூடுதல் கார்டு வாங்கிக்கொள்வது பிள்ளைக்கு உதவுமா? செலவும் பாக்கியும் அப்பா பெயரிலேயே பதிவாவதால் உதவாது.

பதிவு தொடங்கி ஆறு மாதம் போல ஆனதும் மூன்று இலக்க மதிப்பெண் தெரியத் தொடங்கும். இந்த இடத்தில்தான் பொறுமை தேவை. ‘உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள்’ என்ற விளம்பரத்தை அழுத்தி, ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பித்தால், ஐந்தும் அறிக்கையில் ஏறி, அடுத்துப் பார்ப்பவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். 750-க்கு மேல் வந்தவரைப் பெரும்பாலான வங்கிகள் தயங்காமல் உட்கார வைக்கும். 780-ஐ 820 ஆக்குவதற்கு உழைப்பது வேலையற்ற வேலை.

அடுத்தவருக்காகப் போடும் கையெழுத்து

ஜாமீன் கையெழுத்து வெறும் சாட்சிக் கையெழுத்து அல்ல. மச்சான் வாங்கும் கடனுக்கு நீங்கள் ஜாமீன் என்றால், அது உங்கள் அறிக்கையிலும் ஜாமீன்தாரர் என்ற குறிப்போடு நிற்கும். அவர் தவறினால் உங்கள் மதிப்பெண்ணும் சரியும். நம் குடும்பங்களில் இதை மறுப்பது எளிதல்ல. புதிதாக வேலைக்குச் சேர்ந்து, சுத்தமான பதிவோடு இருக்கும் பிள்ளையின் பெயரில்தான் சித்தப்பாவின் பைக் கடனும், நண்பனின் போன் தவணையும் வாங்கச் சொல்வார்கள். முடிந்தால் கையிலிருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பி வராவிட்டால் நஷ்டம் அந்தத் தொகையோடு முடிந்துவிடும்.

பெயரில் வரும் குழப்பம்

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ‘கே. செல்வம்’, பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து ‘கந்தசாமி செல்வம்’, வங்கிக் கணக்கில் ‘செல்வம் கே’, நகைக்கடன் ரசீதில் வெறும் ‘செல்வம்’. பிறந்த தேதியிலும் ஒரு இலக்கம் மாறிவிட்டால் ஒருவருடைய பதிவே இரண்டாகப் பிரியும், அல்லது வேறொரு செல்வத்தின் கடன் இவர் தலையில் விழும். எங்கே கடன் வாங்கினாலும் பான் எண்ணைக் கொடுப்பதும், பான் அட்டையில் உள்ளபடியே பெயர் எழுதச் சொல்வதும் இதைப் பெருமளவு தடுக்கும்.

தவறான பதிவு கண்ணில் பட்டால், சிபில் முதலான நிறுவனத்தின் இணையதளத்திலேயே கட்டணமின்றிப் புகார் பதியலாம். கடன் கொடுத்த வங்கிக்கும் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் அந்த நிறுவனத்தால் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. ‘மூவாயிரம் கொடுங்க, ஸ்கோரை ஏத்தித் தர்றோம்’ என்று வருபவர்களை இதனாலேயே நம்ப வேண்டாம். புகாரை முடிக்க 30 நாள் அவகாசம். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் புகார்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அப்போதும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு வழிகேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கட்டவே முடியாத நிலையில் வங்கியே, ‘பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம்’ என்று செட்டில்மென்டுக்குக் கூப்பிடும். அப்படி முடித்த கடன் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். வாங்கியதை முழுதாகத் திருப்பவில்லை என்று அடுத்த வங்கி அதைப் படித்துக்கொள்ளும், அதுவும் பல ஆண்டுகளுக்கு. வேறு வழியே இல்லாதவருக்கு அது நிவாரணம்தான். 2,000 ரூபாய் கார்டு பாக்கிக்கு அந்த வழியில் போக வேண்டாம். முழுதாகக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையில் அந்தக் கணக்கு ‘குளோஸ்டு’ என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் புகாரோடு இணைக்க அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.